பிளஸ் கம்பி

பழனியாண்டி ஊமை இல்லை. ஆனால் மனசில் இருப்பதைச் சொல்லென்றால் மட்டும் சுத்தக் கல்லுளிமங்கன். பூங்காவனம் உயிரோடு இருந்தவரை அவளே புருஷனுக்கும் சேர்த்துப் பேசினாள். அவள் செத்தபின் ட்ரியோலே ஊரில் இருந்த வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசியது. பகலெல்லாம் பஸ்களுக்கு வயரிங் வேலை. சாயங்காலம் ஆனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு த்ரூ ஓ பிஷ் கடற்கரைக்கு, ரெஜிஸிடம் போய்விடுவான்.

ரெஜிஸ் மீன்பிடிக்கிறவன். அவன் மனைவி கொலெட் பிள்ளைகளோடு முன்பே ஆஸ்திரேலியா போய்விட்டாள். தீவுக்குச் சுதந்திரம் வந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து அப்போது கப்பல் கப்பலாக ஜனம் கிளம்பிக்கொண்டிருந்தது. படகை விற்றதும் ரெஜிஸும் கிளம்புவதாக இருந்தான். அதுவரை இரண்டு தனிக்கட்டைகளும் ஒரே சட்டியில் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். அந்த ஒரு வேளைதான் பழனியாண்டிக்குச் சோறு சோறாக இறங்கியது.

படகின் பழைய மோட்டார் செத்துப்போயிருந்தது. புது மோட்டார் மாட்டி ஓட்டிக் காட்டினால்தான் வாங்குவேன் என்று படகுக்கு விலை பேசிய போ பசான் ஊர்க்காரர் ஆந்த்ரே கறாராகச் சொல்லிவிட்டார். ரெஜிஸ் எப்படியோ ஒரு அமெரிக்க மோட்டாரை வரவழைத்தான். சாவி, வேகம் கூட்டும் கைப்பிடி, இரண்டு மீட்டர்கள், எல்லாவற்றையும் முன்பக்கம் பொருத்திப் பின்னாலிருக்கும் மோட்டாரோடு இணைக்க வேண்டும். நீ இருக்கும்போது வேறு யாரைத் தேடுவேன் என்றான் ரெஜிஸ். போகாதே என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? நம் ஆள் தலையை ஆட்டிவிட்டுக் குறடை எடுத்தான்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. உப்புத்தண்ணீர் படாத உயரத்தில் கம்பிகளை ஓட்டினான், ஒவ்வொரு முனையையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தான். சிநேகிதன் ஊரைவிட்டுப் போக நாமே மூட்டை கட்டிக் கொடுக்கிறோமே என்று தோன்றாமல் இல்லை. அதற்காகக் கை பொய் வேலை செய்யவில்லை.

கடைசியாக பாட்டரி. பழனியாண்டி ஆயுசெல்லாம் பார்த்த இங்கிலீஷ் பஸ்களில் பாட்டரியின் பிளஸ் கம்பிதான் பஸ்ஸின் இரும்பு பாடிக்குப் போகும். இந்த அமெரிக்க மோட்டாரில் மைனஸ் போக வேண்டும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது இதுதான். பழகின கை யோசிக்காமல் பிளஸை மோட்டாரின் உடம்பில் முடுக்கிவிட்டு, இன்னொரு கம்பியைப் பாட்டரியில் மாட்டியது. மூடிக்குள்ளிருந்து புகை வந்தது. பிடுங்குவதற்குள் சார்ஜ் ஏற்றும் பெட்டியும் அதன் கம்பிச் சுருளும் கருகிவிட்டன. தீவில் அதற்கு மாற்று கிடையாது. ரெஜிஸின் கப்பலோ அடுத்த வாரம்.

ரெஜிஸ் மூடியைத் தூக்கிக் கருகின சுருளை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"முப்பது வருஷமா கம்பி பிடிக்கிற கை உன்னது. நான் போகக்கூடாதுன்னு வேணும்னே பண்ணினியா, பழனி?"

இல்லை என்பதுதான் சத்தியம். பஸ் விஷயத்தை எடுத்துச் சொன்னால் ரெஜிஸ் நம்பியும் இருப்பான். பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டால், போகாதே என்று சொல்ல இனி ஒரு சந்தர்ப்பம் வரவே வராது.

"ஆமா," என்றான் பழனியாண்டி. "நீ போகவேணாம்னுதான்."

சொன்ன மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. மனைவியின் சாவில்கூட அவன் அப்படி அழுததில்லை. ரெஜிஸ் திட்டவில்லை. பக்கத்தில் வந்து மணலில் உட்கார்ந்தான்.

"எல்லாரும் போ, போன்னுதான் சொன்னாங்க," என்றான். "இருன்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான்."

ஆனாலும் அவன் போனான். எரிந்த மோட்டாரோடே படகை ஆந்த்ரேயிடம் தள்ளிவிட்டு, அவர் கொடுத்த சொற்பத்தை வாங்கிக்கொண்டு அதே கப்பலில் ஏறினான். கூட்டாளியின் மோட்டாரை வேண்டுமென்றே எரித்தவன் என்று தீவின் வடக்கே ஊர் ஊராகப் பேச்சு பரவியது. வயரிங் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். கேட்டவர்கள் யாரிடமும் பழனியாண்டி அதை மறுக்கவில்லை.