மேலே வராதவள்

போட்டோக்காரரின் மனைவிக்குத் தண்ணீருக்கு அடியில் மூச்சுவிட வந்தது, குடும்பத்தோடு தீவுக்கு விடுமுறை போன இடத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில். கணவர் சுற்றுலாப் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவர். விடுமுறையிலும் கேமராவைக் கீழே வைக்கத் தெரியாது. பவளப்பாறை ஓரம் மனைவியையும் மகளையும் மூழ்கவைத்து, மீன்கூட்டம் சரியாக அமையாததால், அவர்கள் மூச்சு முட்டி மேலே வரும்போதெல்லாம் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார். மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டாள். மனைவிக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. எத்தனையாவது முறையோ இறங்கியபோது மேலே வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறி, காற்றைப்போலவே நெஞ்சில் இறங்கியது. படங்கள் பிரமாதமாக வந்தன.

கரைக்கு இழுத்துவந்ததும் துடித்தாள். விடுதிக்காரர் ஓடிவந்து மறுபடி தண்ணீரில் விட்டார். தீவு டாக்டர் இடுப்பளவு நீரில் நின்று நாடி பிடித்துப் பார்த்து, "உடம்புக்கு ஒண்ணுமில்ல. வெளியே மட்டும் கூட்டிட்டு வராதீங்க" என்றார். ஊர் திரும்பும் படகு அவர்கள் இல்லாமலே போனது.

போட்டோக்காரர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார். மகள் தீவுப் பள்ளியில் சேர்ந்தாள். பாறைக்கு அப்பால் நீரோட்டம் ஆளை அடித்துக்கொண்டு போகும் என்பதால், மனைவி உள்பக்கமே சுற்றிச்சுற்றி வந்தாள். பழைய வீட்டுச் சமையலறை இதைவிடச் சின்னதுதான், ஆனால் அதற்குக் கதவு இருந்தது. நாம் நீரில் மூச்சடக்குவதுபோல் அவள் காற்றில் அடக்கப் பழகினாள். கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டியிருந்ததால் நேராகப் பேசவும் பழகினாள். முதலில் சொன்னது கணவரிடம்: "இனிமே கேமராவோட இறங்காதீங்க." அவர் வெறுங்கையோடு இறங்கினார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் கையையே பிடித்துக்கொண்டார்.

வருஷங்கள் போயின. மகளுக்கு அக்கரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. படகுத்துறையில் பெட்டியோடு நின்றவள், "நான் போகல. அம்மாவ இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா தலையை வெளியே நீட்டினாள். "மாட்டிக்கிட்டது நான். நீ எதுக்குடி? ஏறு."

"மாட்டேன்."

அம்மா உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்தது, கண் செருகியது. அப்போதும் மரத்தூணைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தாள். "அம்மா, உள்ள போ! போம்மா!" என்று கத்திக்கொண்டே மகள் படகுக்குள் குதித்தாள். அதன்பிறகுதான் அம்மா தூணை விட்டாள். கணவர் கூடவே தண்ணீரில் குதித்து, அவள் நெஞ்சு ஏறி இறங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

மகள் லீவு கிடைக்கும்போதெல்லாம் வருகிறாள். படகுத்துறையில் இப்போது தீவு நிர்வாகம் ஒரு பலகை வைத்திருக்கிறது: மெதுவாகச் செல்லவும், குடியிருப்புப் பகுதி.