ஊமைப் பொத்தான்

உலகம் முழுக்க அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். இரண்டாவது பாதியில் மெட்டு மேலே மேலே ஏறி, இதோ வந்துவிட்டது என்று கேட்கிறவர்கள் மூச்சைப் பிடிக்கிற இடத்தில், ஒரு தட்டு நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி கீழே இறங்கிவிடும். ஒசாகாவில் நிறுத்துகிறார்கள். மெல்போர்னில் கல்யாணத்தில் நிறுத்துகிறார்கள். பாஸ்டனில் சாவுக்கு வாசிக்கும்போதும் நிறுத்துகிறார்கள். அந்த மௌனத்துக்குப் பெயர்கூட வைத்தாயிற்று, கான்சிடைன் பெருமூச்சு. மெட்டுப் புத்தகத்தில் அந்த இடத்துக்கு மேலே பொடி எழுத்தில் 'மூச்சு விட வேண்டாம்' என்று போட்டிருக்கும்.

டெர்வ்லா கான்சிடைனுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவள் அம்மா பெருமூச்சு விடவில்லை. வாத்தியத்துக்குள் சுரம் எழுப்புகிற உலோக நாக்கு, ரீட், வேலை செய்யவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அம்மா டீலியா அந்த மெட்டைத் தானே கட்டினாள். அவள் இருந்தவரை வேறு யாரும் அதை வாசித்ததில்லை. 1981-இல் அவர்களுடைய அயர்லாந்துக் கிராமத்துக்கு டப்ளினிலிருந்து பாட்டுச் சேகரிக்கிற ஒருவர் டேப் ரிக்கார்டரோடு வந்தார். சமையலறை மேசையில் வைத்து ஒரே ஒரு தடவை பதிவு செய்துகொண்டு போனார். அடுத்த வசந்தத்தில் டீலியா செத்துப்போனாள். டெர்வ்லாவுக்கு அப்போது ஐந்து வயது. டேப் மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. அந்த மௌனத்தில் காதை ஒட்டி வைத்துக் கேட்டால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கான்செர்டினா என்கிற கைத்துருத்திப் பெட்டியின் பொத்தான் அழுந்துகிற சத்தம். வேண்டுமென்றே நிறுத்துகிறவள் எதற்குப் பொத்தானை அழுத்துவாள்? அங்கே ஒரு சுரம் இருந்தது. விரல் போயிற்று, துருத்தி காற்றைக் கொடுத்தது, ரீட் பேசவில்லை.

எழுத்திலேயே சாட்சியும் இருந்தது. டீலியாவின் அண்ணன் செனன் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில், கவென்ட்ரியில் கட்டட வேலை பார்த்தவர். அவருக்குத் தங்கை எழுதிய கடிதம் ஒன்றில், தேதி போடாத கடிதம், பசு கன்று போட்டது, மழை விடவில்லை என்பதற்கெல்லாம் அடியில் ஒரு வரி இருந்தது: பெட்டியில் ஒரு பொத்தான் ஊமையாகிவிட்டது, அங்கே கடையில் ரீட் கிடைக்குமா பார். எந்தப் பொத்தான் என்று எழுதவில்லை. செனன் கடைக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை. டீலியாவுக்குப் பிறகு பெட்டி கட்டிலுக்கடியில் ஈரத்தில் கிடந்தது. டெர்வ்லா வளர்ந்து அதைத் திறந்தபோது பதினோரு ரீட் துருப்பிடித்திருந்தன. உங்களில் முதலில் ஊமையானது யார் என்று அதுகளிடம் கேட்க முடியுமா?

அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் டெர்வ்லா. கால்வேயில் வேதியியல் படித்துவிட்டு, கிளேர் மாவட்டத்தின் குடிநீரைச் சோதிக்கிற வேலையில் இருந்தாள். இதையும் சோதனைச்சாலைக் கணக்காகத்தான் பார்த்தாள். அந்தப் பெட்டியில் ஒரே பொத்தானில் மட்டும் கிடைக்கிற சுரங்கள் எவை, அந்த நொடியில் துருத்தி விரிகிறதா மூடுகிறதா என்று கழித்துக் கழித்து ஐந்து சுரத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். தன்னுடைய புதுப் பெட்டியில் ஐந்தையும் வாசித்துப் பார்த்தாள். ஐந்தும் சரியாகத்தான் இருந்தன. அதுதான் கொடுமை. அம்மா என்று அவளிடம் இருந்தது ஒரு மழைக்கோட்டும் இரண்டு போட்டோவும். ஒன்றில் முகம் திரும்பியிருக்கும். அம்மா மனதில் நினைத்த சுரம் எதுவென்று தெரிந்தால், அம்மா நினைத்ததில் ஒன்றாவது தெரிந்த மாதிரி ஆகும்.

2004 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம். கில்ஃபார்னாவில் கோடை இசைப் பயிற்சி வாரம் முடிந்து, பப்பில் நிற்க இடமில்லை. மூலை மேசையில் செனன் ஃபிடிலோடு, டெர்வ்லா கான்செர்டினாவோடு, எதிரே ஒசாகாவிலிருந்து வந்த மிசுஹோ. அவள் ஒரு பல் மருத்துவர். வருஷா வருஷம் லீவு முழுவதையும் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறவள். அவள்தான் டீலியாவின் மெட்டை ஆரம்பித்தாள். அட்சரம் பிசகாமல் வாசித்தாள். அந்த இடம் வந்ததும் பப் முழுக்க அடங்கியது. மிசுஹோவின் கண்ணிலிருந்து நீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது. முடிந்ததும் அவள் டெர்வ்லாவின் கையைப் பிடித்து, என் அம்மா போனபோது இந்த மௌனம் ஒன்றுதான் எனக்குச் சரியாக இருந்தது, உன் அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

டெர்வ்லா கையை விடுவித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியல. ரீட் துருப்பிடிச்சுக் கிடந்தது. அதை மாத்த ஆள் இல்லை. நீங்கல்லாம் துருவுக்கு அழுதுட்டு இருக்கீங்க."

செனன் ஃபிடில் வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

"ஒரே ஒரு ரீட் மாமா. வாங்கி ஒரு கவர்ல போட்டு அனுப்பியிருக்கலாம் நீங்க."

"அனுப்பியிருந்தா இந்தப் பொண்ணு எதுக்கு அழும்? நாம யாரு, உன் அம்மா யாருன்னு உலகத்துல எவனுக்குத் தெரியும்?" என்றார் செனன். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். மார்ச்சிலிருந்து பப்புக்குள் சிகரெட் கூடாது என்று சட்டம் வந்ததில் அவருக்கு ஒரு வசதி, எந்தச் சண்டையிலிருந்தும் வெளியே போகலாம்.

மிசுஹோ அழுகையை நிறுத்திவிட்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. துருவாகவே இருக்கட்டும், எனக்கு அது போதும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்த மெட்டை எடுத்தாள். டெர்வ்லாவுக்கு அவள்மேல் இன்னும் கோபம் வந்தது. தான் இத்தனை வருஷம் தேடுகிற இடத்தில் இவளுக்கு ஒன்றும் இல்லாததே போதுமாக இருக்கிறது.

பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியவளைக் கதவருகே ஒருவர் நிறுத்தினார். ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது, வெயில் படாத முகம், கையில் தொடாத பீர். பெயர் யோஹென், ஜெர்மனியில் பிரெமன் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவர். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் ஊர் பப்பில் யாரோ ஒரு பையன் இந்த மெட்டை வாசித்தானாம். நடுவில் நிறுத்தியதும், மறந்துவிட்டான் போல என்று நினைத்தாராம். கேட்டால், அது அப்படித்தான், உலகமே அப்படித்தான் வாசிக்கிறது என்றானாம். லீவு போட்டு, கப்பலில் காரை ஏற்றி வந்திருக்கிறார்.

"அந்த இடத்துல ஒண்ணு இருந்துச்சு. நான் கேட்டிருக்கேன். எழுபத்தொன்பதுல உங்க வீட்டுல வைக்கோல் வேலைக்கு இருந்தேன்," என்றார்.

டெர்வ்லா அவர் காரிலேயே ஏறி, வழி சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அப்பா இரண்டு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவள் தனியாகத்தான் இருந்தாள். யோஹென் முற்றத்தில் இறங்கியதும் மாட்டுக்கொட்டகையைத்தான் பார்த்தார். அதன் மேல்தட்டுப் பரணைக் காட்டி, அங்கேதான் படுத்திருந்தேன் என்றார். வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கி, நான்கு நாள் இறங்கவே இல்லையாம்.

சமையலறையில் அவரை உட்காரவைத்து, டீ போடக்கூட மறந்து, பெட்டியை எடுத்தாள். ஏறுகிற அடியை வாசித்து, ஐந்தில் முதல் சுரத்தைப் போட்டாள். அவர் தலையை ஆட்டினார், இல்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவதுக்கு முகத்தைச் சுளித்தார். நான்கு, ஐந்து. இல்லை, இல்லை. அவளுடைய கணக்கே தப்போ என்று பெட்டியில் இருந்த அத்தனை சுரத்தையும் போட்டுக் காட்டினாள். மனிதர் பாவம், ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இல்லை என்றார்.

சரி, நீங்களே பாடிக் காட்டுங்கள் என்றாள். யோஹென் தொண்டையைக் கனைத்து ஏதோ ஒரு சத்தம் எழுப்பினார். அது சுரம் இல்லை, சுரத்தின் பக்கத்து வீடும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், நீ வாயை மட்டும் அசை போதும் என்பாராம். சொல்லிச் சிரித்தார். டெர்வ்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் அதைக் கேட்டவர் ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு டிராம் பிரேக் மாதிரிக் குரல்.

"உங்களுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு. அதான் வந்தேன்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னொரு தடவை வாசி. அந்த இடத்துல எதுவும் போடாதே. எல்லாரும் விடற மாதிரி விட்டுடு."

அவள் வாசித்தாள். ஏறியது, நின்றது. விரல் பழக்கத்தில், துருத்தி அசையாமலே, ஒரு பொத்தானை டிக் என்று தட்டியது. யோஹென் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அது பெட்டியிலேருந்து வரல," என்றார். "இத்தனை வருஷமா பெட்டின்னே நினைச்சுட்டு இருந்தேன். அது உங்கம்மா."

பால் கறந்து முடிந்ததும் டீலியா பரணுக்குக் கீழே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாளாம். மேலே ஒருத்தன் படுத்திருக்கிறான் என்பதே அவளுக்கு மறந்திருக்கும், அல்லது தூங்குகிறான் என்று நினைத்திருப்பாள். இதே மெட்டு, திரும்பத் திரும்ப. ஏறி அந்த இடத்துக்கு வந்ததும் உதட்டைத் திறக்காமல், 'ம்ம்' என்று தொண்டைக்குள் ஒரு சத்தம். பெட்டி பேசாத சுரத்தை அவள் பேசிவிட்டு, மறுபடி பெட்டியிடம் கொடுத்துவிடுவாள். பார்க்காமல் கேட்டவனுக்கு எல்லாம் ஒரே கருவியாகத்தான் கேட்டது.

டெர்வ்லா மனதுக்குள் வருஷங்களை அடுக்கிப் பார்த்தாள். எழுபத்தொன்பதிலேயே பொத்தான் ஊமை. அப்படியானால் அந்தக் கடிதம் டேப்புக்கு ரொம்ப முன்னால் எழுதியது. ரீட் வராது என்று தெரிந்துபோய், அம்மா தானே ஒரு வழி பண்ணிக்கொண்டிருக்கிறாள். டப்ளின்காரர் மேசையில் டேப்பை வைத்து எதிரே உட்கார்ந்ததும் கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். உலகம் முழுக்க வாசிப்பது அந்தக் கூச்சத்தை.

"நீயும் அங்கேதான் இருப்பே," என்றார் யோஹென். "கரி அள்ளற கூடையில உட்கார வெச்சிருப்பாங்க. அந்த இடம் வந்தா நீயும் கூடவே சொல்லுவே. ம்ம்னு. சில சமயம் முன்னாடியே சொல்லிடுவே. உங்கம்மா சிரிச்சு, மெட்டு நின்னு போயிடும்."

டெர்வ்லா எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். குழாயை மூட மறந்து நின்றாள். ஐந்து சுரம், பதினோரு ரீட், இத்தனை வருஷம். இரண்டு வயதில் தனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைத் தானே தொலைத்திருக்கிறாள். யார்மேல் கோபப்படுவது? செனன்மேல் முடியாது, மிசுஹோமேல் முடியாது. கூடையில் உட்கார்ந்திருந்த குழந்தையைப் போய் உலுக்க முடியுமா?

குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏறுகிற அடியை வாசித்து, நிறுத்தி, உதட்டை மூடிக்கொண்டு 'ம்ம்' என்றாள். அவளுக்கு அப்பாவின் மெல்லிய குரல்.

"இன்னும் கீழே. கிட்டத்தட்ட ஆம்பளைக் குரல் மாதிரி," என்றார் யோஹென்.

கீழே போனாள். இல்லை. அவ்வளவு கீழே இல்லை என்றார். கொஞ்சம் ஏறினாள். முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. ராஸ்லேர் துறைமுகத்தில் காலைக் கப்பலைப் பிடிக்க அவர் இப்போது கிளம்பினால்தான் உண்டு. கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அதை அவர் இரண்டு தடவை சொல்லவும் செய்தார். அவள் காதில் வாங்கவில்லை. இந்தக் காது கப்பல் ஏறிவிட்டால் வேறு காது இல்லை. பத்து தடவை, பதினைந்து தடவை. அவள் தொண்டை கரகரத்தது. நாட்டில் எந்தப் பப்பிலும் எவரும் அந்த இடத்தில் இத்தனை சத்தம் போட்டிருக்க மாட்டார்கள்.

"இதுதான். இதேதான்," என்றார் யோஹென்.

டெர்வ்லா பெட்டியை மடியில் வைத்தபடி அவரைப் பார்த்தாள். போன தடவை பாடியதற்கும் இதற்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. போன தடவை இல்லை என்றவர் அவர்தான்.

"பொய் சொல்றீங்க."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றார். பிறகு கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

அவள் துருத்தியை விரித்தாள்.