தரைக்கு ஆள் இல்லை

அமல்ராஜ் ஒரு வாரமாக விழுந்துகொண்டிருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதை சொல்லி ஆடும் விளையாட்டில், அவனுடைய ஒற்றன் மலையுச்சியில் கால் வழுக்கினான். "நீ விழுற" என்றாள் செண்பகா. கதையை நடத்துபவள் அவள். அவள் சொன்னால் சொன்னதுதான். அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்குள் சண்டை மூண்டு ஆட்டம் கலைந்தது. அதனால் மதுரை எல்லீஸ் நகரில், மூன்றாம் மாடியில், அவள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குச் சற்றுக் கீழே அமல்ராஜ் விழுந்தபடியே இருந்தான்.

வருகிறவர்கள் குனிந்து போனார்கள். இட்லியை மேலே நீட்டினால் வாங்கிக்கொள்வான். சட்னிதான் தொல்லை.

ஆனால் நாளுக்கு நாள் அவன் வேகம் கூடியது. இருந்த இடத்திலேயே கூடியது. சட்டை படபடவென்று அடித்தது. கண்ணீர் நெற்றிப் பக்கமாக ஓடியது. இன்று ஆட்டம் தொடர்ந்தால் கீழே வந்து விழுவான். வைத்தியர் இருந்தால் பிழைப்பான். வைத்தியர் யார் என்பதுதான் சண்டையே.

வேடம் கேட்க இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும். உள்ளே வந்து சொன்னால் செல்லாது. போன வாரம் தில்ஷாத்தும் வேலாயுதமும் ஒன்றாகப் படியேறினார்கள், ஒன்றாகச் செருப்பைக் கழற்றினார்கள், ஒன்றாக "நான் வைத்தியர்" என்றார்கள். வேறு எதிலும் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. இன்றும் உட்கார்ந்ததும் அதே சண்டை தொடங்கியது.

"மூணு கதையா நான்தான் வைத்தியம் பாக்குறேன்" என்றாள் தில்ஷாத். "ஒவ்வொரு மூலிகையும் எனக்கு அத்துப்படி. இப்ப வந்து பிடுங்குனா எப்படிண்ணே?"

"ஆறடி இருக்கேன்னு ஒவ்வொரு தடவையும் என் கையில வாளக் குடுத்துடுறீங்க" என்றார் வேலாயுதம். "எத்தனை பேர வெட்டிட்டேன்! ஒருத்தனையாச்சும் தாங்கிப் பிடிக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவிலிருந்த மேசை ஒரு முழம் நீண்டது. சண்டை நாட்களில் அது அப்படித்தான். சுவர் ஒதுங்கி வழிவிட்டது.

செண்பகா பகடையை உருட்டினாள். நீளும் மேசையில் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஆளுக்குப் பாதி வைத்தியம் என்று சொல்லிப் பார்த்தாள். இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இதற்குள் ஆளுக்கொரு கோடியில் கடுகாகிவிட்டிருந்தார்கள். ஒருவர் கோபம் மற்றவரிடம் போய்ச் சேரவே நேரம் பிடித்தது.

மேலே சட்டை கிழியும் சத்தம் கேட்டது.

"செண்பகா, ஒரு சந்தேகம்" என்றான் அமல்ராஜ்.

"சொல்லுடா."

"கீழ என்ன இருக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. நாற்காலிக் கால்கள் பழக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே மேகம், அதற்கும் கீழே மேகம். மலை இருந்தது, வாள் இருந்தது, மூலிகை இருந்தது. தரை மட்டும் இல்லை. இத்தனை கதை நடத்தியும் அவளுக்கு இது உறைத்ததே இல்லை.

"தரை யாரு?" என்று இரண்டு பக்கமும் கத்தினாள்.

"அதப் போயி யாரு கேப்பா?" என்றது தில்ஷாத்தின் குரல். "பேச்சு கிடையாது, சண்டை கிடையாது. சும்மா கெடக்கணும்."

வேலாயுதம் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை நடந்தார். செருப்பை மாட்டினார். பிறகு, ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"நான் தரை" என்றார்.

"அண்ணே, வைத்தியர நீங்களே எடுத்துக்கங்கண்ணே." என்றாள் தில்ஷாத்.

"வேணாம்மா. கொஞ்சம் தள்ளிக்க. எடம் பத்தாது."

மல்லாந்து படுத்துக் கைகளை விரித்தார். விரிந்தவை நிற்கவில்லை. விரல்கள் சுவர் இருந்த இடத்தைத் தாண்டிப் போயின. மார்பு செம்மண் ஆனது. முழங்கை மடிப்பில் ஓடை ஒன்று திரும்பியது. தலைமுடி இருந்த பக்கம் கண்ணுக்கு எட்டியவரை புல் அசைந்தது. பகடை எங்கோ உருண்டு அவர்மேல் நின்றது. எந்த எண் என்று யாரும் பார்க்கவில்லை.

செண்பகா குனிந்து பார்த்தாள். எத்தனையோ காடுகளை வாயால் உண்டாக்கியவள் அவள். இதில் ஒரு புல்கூட அவள் சொன்னதில்லை. இவ்வளவு பெரிய மனிதரையா வாசற்படியில் நிற்க வைத்துப் பஞ்சாயத்துப் பண்ணினோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அவள் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒரு வாரமாக வாயிலேயே இருந்தது.

"நீ தரையத் தொடுற" என்றாள்.

அமல்ராஜ் வந்தான். மூச்சை விடும் மார்புபோல நிலம் உள்ளே தாழ்ந்து, அவனை வாங்கி, மெல்ல மேலே வந்தது. அவன் நிமிர்ந்து நின்றிருந்தான். கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு ஓவென்று அழுதான்.

தில்ஷாத் மூலிகைப் பையோடு ஓடிவந்தாள். அவன்மேல் ஒரு கீறல் இல்லை. அவள் அவனை விட்டுவிட்டு மண்டியிட்டாள். பையை அவிழ்த்து, இருந்த பச்சிலை எல்லாவற்றையும் அவன் வந்து இறங்கிய பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். பிறகு காதை மண்ணில் வைத்தாள்.

"வலிக்குதாண்ணே?"

காதை எடுக்காமல் உற்றுக் கேட்டாள்.

"என்ன சொல்றாரு?" என்றாள் செண்பகா.

"உன்னையும் எறங்கி வரச் சொல்றாரு."

கதை நடத்துகிறவர்கள் கதைக்குள் கால் வைப்பதில்லை. செண்பகா நாற்காலியிலிருந்து காலை இறக்கினாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது.