நாலு போத்தல் ரத்தமும் ஒரே தரமும்

சண்முகவடிவு நின்றபடியே தூங்குவாள். அதில் தப்பில்லை, மழைக்காலத்தில் கூனிமலைத் தேயிலைத் தோட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான். கொழுந்தைக் கிள்ளுகிற நேரத்திலும் அவள் தூங்கினாள் என்பதுதான் தகராறு. ஒருநாள் காலையில் ஒரு கொழுந்தைக் கிள்ளக் கை நீட்டினாள். மத்தியானச் சங்கு ஊதியபோதும் கை அங்கேயே இருந்தது; அதற்குள் அந்தக் கொழுந்து இன்னும் இரண்டு இலை விட்டு முற்றிப்போய்விட்டது என்று கங்காணி மாயாண்டி சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். ஒரு சிலந்தி அவள் முழங்கைக்கும் செடிக்கும் நடுவே வலை கட்டிக் குடித்தனம் தொடங்கியிருந்ததைத் துரையே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

முன்பெல்லாம் அந்த மலையிலேயே வேகமான கைக்காரி அவள்தான். பிறகு கழுத்து லேசாக வீங்கியது. முகம் ஊதியது. குரல் தகரத்தில் மணலைப் போட்டு ஆட்டின மாதிரி ஆயிற்று. பங்குனி வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தாள். புருஷன் அழகுமுத்து சாப்பிட உட்கார்ந்து "வடிவு" என்று கூப்பிட்டால், அவன் தின்று முடித்துக் கை கழுவும்போது "என்னங்க" என்பாள்.

காலைப் பெரட்டில், ஆட்களைக் கூட்டிப் பேர் பதிகிற நேரத்தில், துரை தீர்ப்புச் சொன்னார்.

"இந்தப் பொம்பளை தூங்குது. சீக்கா, சோம்பேறியா? சீக்குன்னா மருந்து குடு. சோம்பேறின்னா பத்துச்சீட்டு குடு. புருசன் பொஞ்சாதி ரெண்டுக்கும்."

துரையின் தமிழில் மனிதர், மாடு, மழை எல்லாம் ஒரே திணை. ஆனால் பத்துச்சீட்டு என்ற சொல் மட்டும் சுத்தமாக வரும். அது தோட்டத்தை விட்டு அனுப்புகிற சீட்டு. லண்டனில் தேயிலை விலை விழுந்து கிடந்த முப்பதுகளின் தொடக்கம் அது. வேறு எந்தத் தோட்டமும் ஆள் எடுக்காது. சீட்டை வாங்கினவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, இந்தியாவில் பேர் மட்டும் தெரிந்த ஒரு ஊரைத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான். அழகுமுத்துவுக்கு அந்தப் பேரும் சரியாகத் தெரியாது; அவன் பிறந்ததே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற கூனிமலை லயத்தில்தான்.

தோட்டத்து டாக்டரய்யா சிதம்பரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். புழுவும் இருமலும் பார்த்துப் பார்த்து அலுத்து, புதிதாக ஒரு வியாதி வராதா என்று ஏங்கிக் கிடந்தவர். சண்முகவடிவின் கழுத்தைத் தடவிப் பார்த்ததும் அவர் முகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

"அழகுமுத்து, உம்மட மனிசியிண்ட கழுத்துக்குள்ள ஒரு சுரப்பி இருக்குது. அது நித்திரை கொண்டால் ஆளும் நித்திரை. ரத்தத்தில கொழுப்புக் கூடியிருந்தால் சுரப்பி படுத்திட்டுது எண்டு அர்த்தம்."

"கொழுப்புன்னுதாங்க கங்காணியும் சொல்றாரு."

"அது வேற கொழுப்பு, காணும். இன்னொண்டு. ரத்தத்தைக் குழாயில நிறுத்தி வைச்சால் அடியில படியும். கெதியாப் படிஞ்சால் ஆளும் கெதியாப் போகும். மெல்லப் படிஞ்சால் பயமில்லை."

"தேத்தண்ணியில தூள் அடங்குற மாதிரிங்களா?"

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றார் டாக்டரய்யா. பின்னாளில் அவர் மிகவும் வருந்திய வாக்கியம் இது.

கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்புகிற நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தமும் வேண்டுமாம். துரை உடனே சட்டைக் கையைச் சுருட்டினார். தன் ரத்தத்தை அளவுகோலாக வைப்பதில் அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. துரை கொடுத்த பிறகு கொடுக்காமல் நின்றால் மரியாதை என்னாவது என்று மாயாண்டியும் கையை நீட்டினார். டாக்டரய்யா தன் ரத்தத்தையும் எடுத்து, உறையாமலிருக்க ஒரு மருந்துத் தண்ணீர் விட்டு, நாலு சின்னப் போத்தலில் அடைத்தார்.

அன்றைக்கென்று நானுஓயாப் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றுபோனது. மறுநாள் வரை போத்தல்கள் குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும். தோட்டத்திலேயே குளிர்ச்சியான இடம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சாம்பிள் வைக்கிற அறை. அங்கே வேலை பார்ப்பவன் அழகுமுத்து.

"கொழும்புக்குப் போற சாம்பிள்" என்று டாக்டரய்யா பெட்டியைக் கொடுத்தார். "உங்கட தேயிலைச் சாம்பிள் மாதிரியே கவனமாப் பார்க்க வேணும்."

அழகுமுத்து அப்படியே பார்த்தான். துரையின் ரத்தம் கனத்த சாயம். டாக்டரய்யாவுடையது நடுத்தரம். மாயாண்டியுடையது கொஞ்சம் கருகின நிறம். வடிவின் போத்தல் மட்டும் ஒரே தூளில் இரண்டாம் தடவை ஊற்றிய தேத்தண்ணீர் போல வெளிறிக் கிடந்தது. ஒரே தோட்டத்துச் சாம்பிள் நாலு நிறத்தில் போனால் கொழும்பில் சிரிப்பார்கள்.

ஸ்டோரில் அவன் வேலையே கலப்பதுதான். பல மலைக் கொழுந்தில் இறங்கிய தூளைத் தரையில் குவித்து, மரச் சவளால் புரட்டிப் புரட்டி, ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாம்பிள் போகும். கலக்காமல் சாம்பிள் அனுப்பியவனை, தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஸ்டோர் வாசற்படி மிதிக்க விடமாட்டார். இன்னொன்றும் அழகுமுத்துவுக்குத் தெரியும்: மட்டமான தூள் தனியாகப் போனால் தள்ளிவிடுவார்கள், நல்ல தூளோடு சேர்ந்து போனால் அதற்கும் விலை உண்டு. வடிவின் போத்தலைத் தனியாக அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை.

தேயிலை ருசி பார்க்கிற வெள்ளைக் கோப்பையைச் சுடுதண்ணீரில் கழுவினான். நாலையும் ஊற்றினான். கலக்கும்போது ரத்தம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கட்டி கட்டியாகத் திரண்டது. கட்டி உடைப்பது ஸ்டோரில் அன்றாட வேலை, கரண்டியால் உடைத்தான். நாலு போத்தலிலும் சமமாக ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒரே சாயம். நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

கொழும்பிலிருந்து பதில் வந்த அன்று மருந்துச்சாலையில் துரை நாற்காலியில் இருந்தார். மாயாண்டி நின்றார். சண்முகவடிவு வாங்குப் பலகையில் உட்கார்ந்து தூங்கினாள். அவள் விழுந்துவிடாமல் அழகுமுத்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டரய்யா கடிதத்தை ஒருமுறை தனக்குள் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"நாலு பேரிண்ட ரத்தத்திலயும் கொழுப்பு ஒரே அளவாம். நாலு பேருக்கும் சுரப்பி மந்தமாம். இப்பிடி அச்சடிச்ச மாதிரி ஒத்த ரத்தத்தைத் தாங்கள் கண்டதில்லையாம். நாலு பேரும் ஒரே பிரசவத்தில பிறந்தவையோ எண்டு அறியத் தரட்டாம். ரத்தம் படியிற வேகத்தைப் பார்த்தால், இந்தக் கடிதம் வந்து சேரேக்க நாலு பேரும் உயிரோட இருக்கமாட்டினமாம். இருந்தால் தினம் ஒரு சுரப்பி மாத்திரை குடுக்கட்டாம். இல்லாட்டில் அனுதாபமாம்."



"எங்க ஆத்தா அப்புடிப்பட்டவ இல்லீங்க" என்றார் மாயாண்டி.

துரையின் தாயார் ஸ்கொட்லாந்தில் இருந்தார். அந்தம்மாவும் இந்தப் பக்கம் வந்ததாகத் தகவல் இல்லை. துரை தனக்கு மச்சான் முறையாகிறாரே என்று அழகுமுத்து ஒரு கணம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த நினைப்பை அவசரமாக விழுங்கினான். துரை தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது.

"இது பொய்க் கடுதாசி" என்றார். "நான் சாகலை. நான் தூங்கலை. கடுதாசி பொய்னா இந்தப் பொம்பளைக்கும் சீக்கு இல்லை. பத்துச்சீட்டு எழுது."

அழகுமுத்து வடிவின் தோளை விடாமலே பேசினான்.

"கடுதாசி பொய் இல்லீங்க தொரை. நாந்தான் கலந்துட்டேன்."

டாக்டரய்யா கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். துரை மெதுவாகத் திரும்பினார்.

"கலந்தியா?"

"ஆமாங்க. நாலும் நாலு தரமா இருந்திச்சிங்க."

"எதுலே கலந்தே?"

"ருசி பாக்குற கோப்பையிலங்க. சுடுதண்ணியில கழுவிட்டுத்தான்."

"கட்டி?"

"ஒடச்சிட்டேங்க."

"கலந்த பொறகு நாலும் ஒண்ணா இருந்திச்சா?"

"ஒரு சொட்டு வித்தியாசம் இல்லீங்க தொரை."

துரை தலையை ஆட்டினார். பாதி ஆயுசைத் தேயிலையில் கழித்த மனிதர். "அப்போ சாம்பிள் சரி" என்றார்.

"துரை, இது தேயிலை இல்லை" என்று தொடங்கினார் டாக்டரய்யா.

"டாக்டர், கலந்த சரக்குக்குக் கொழும்பு ஒரு தரம் சொன்னா எல்லாப் பெட்டிக்கும் அதே தரம். ஒரு பெட்டி மட்டும் எனக்கு வேணாம்னு சொல்ல முடியாது. அது யாவாரம் இல்லை. பொம்பளைக்குச் சீக்கு. எனக்கும் சீக்கு. உனக்கும் சீக்கு, கங்காணிக்கும் சீக்கு. மாத்திரை கொண்டா."

ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்து அரைத்த மாத்திரை அது. தினமும் பெரட்டில் நாலு பேரும் வரிசையாக நின்று விழுங்கினார்கள். டாக்டரய்யா தன்னுடையதை நாக்குக்கடியில் ஒதுக்கப் பார்த்தார். துரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

சண்முகவடிவுக்கு முகம் வற்றியது. கழுத்து இறங்கியது. கம்பளியை மடித்து வைத்தாள். குரல் திரும்பி வந்ததும் முதல் வேலையாக, தூக்கத்தில் கேட்டு வாங்கிய ஏச்சுக்கெல்லாம் மாயாண்டியிடம் வட்டியோடு பதில் சொன்னாள். மாயாண்டி நின்று கேட்டால்தானே; சீக்கு இல்லாத மூவரையும் மாத்திரை ஓரிடத்தில் நிற்க விடவில்லை. அவர் எட்டாம் நம்பர் மலையில் ஏசத் தொடங்கினால், அந்த ஏச்சு முடிகிற இடம் ஆற்றோரமாக இருந்தது. டாக்டரய்யா நுவரெலியாப் பனியில் வெறும் பனியனோடு வியர்த்துக்கொண்டு, சீக்கே இல்லாதவர்களை லயம் லயமாகத் தேடிப்போய் ஊசி போட்டார். துரை பெரட்டுத் தப்பு மேளம் அடிக்குமுன்பே மலையைச் சுற்றிவிட்டு வந்து, தப்பைத் தானே அடித்தார். அவருடைய குதிரை வேறு துரைக்கு மாற்றல் கேட்டதாகப் பேச்சு.

மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. நாலு போத்தலும் அழகுமுத்துவிடம் வந்தன. அவன் கோப்பையைக் கழுவப் போனபோது வடிவு ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, என்னோடதை அதுல ஊத்தாதீங்க. அந்த மூணு பேரும் பேய் புடிச்ச மாதிரி ஓடுறாங்க. அது வந்து என் தலையில விடிஞ்சா நான் என்னத்துக்காவேன்?"

"கலக்காம அனுப்புனா டீமேக்கர் கொன்னுருவாரு, வடிவு."

"கலந்தா நான் கொன்னுருவேன்."

டீமேக்கர் தூரத்தில் இருந்தார். வடிவு பக்கத்தில் இருந்தாள். போத்தல்கள் கலக்காமலே ரயிலேறின.

இந்தமுறை பதில் சுருக்கமாக இருந்தது. சண்முகவடிவின் ரத்தம் சரியான தரம், மாத்திரையைத் தொடரவும். மற்ற மூவரும் அந்த மாத்திரையை உடனே நிறுத்தாவிட்டால் பெட்டி அடிக்கச் சொல்லிவிடலாம்.

துரைக்குத் தாங்கவில்லை. மூன்று பெட்டி தள்ளுபடி, ஒரு பெட்டி மட்டும் தேறியது என்பது அவர் தொழிலில் கண்டிராத அவமானம். மறுநாள் பெரட்டில், நின்ற இடத்தில் நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே யோசித்தார். தள்ளின தூளை என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியாததா?

"அழகுமுத்து, அடுத்த தடவை இந்தப் பொம்பளையோடதை எங்களோட சேர்த்துக் கலந்துரு. நாங்களும் தேறிடுவோம்."

அழகுமுத்து பதில் சொல்ல வாயெடுக்குமுன் வடிவு கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"முடியாதுங்க தொரை. நான் நல்லா இருக்கேன்."

வாய் திறந்து மறுக்கிற பெட்டிக்கு என்ன செய்வது என்று தேயிலை வியாபாரத்தில் சட்டம் இல்லை. துரை கொஞ்ச நேரம் குதித்துப் பார்த்தார். பிறகு அவளுக்கு அன்றைக்கு முழுநாள் கூலிக்குப் பேர் போடச் சொல்லிவிட்டு, மலையைச் சுற்றி வர ஓடினார்.