வெள்ளிக்கிழமைப் பக்கம்

பள்ளி திறந்த முதல் நாள் அந்த நாலு பக்கத்தையும் வாசித்து முடிப்பதற்குள் டீச்சருக்கு நாக்கு வறண்டுவிடும். பதினொன்றாம் வகுப்பில் நன்றாக எழுதுகிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஆங்கில ஆனர்ஸ் பிரிவில் எதெல்லாம் செய்யலாம், எதெல்லாம் கூடாது என்று அவளே எழுதி வைத்த விதிகள் அவை. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘சட்டம்’. வராந்தாவில் அவள் தலை தெரிந்தால் போதும், சட்டம் வருது, சட்டம் வருது என்று ஒரு முணுமுணுப்பு ஓடும். அவளுக்கும் அது தெரியும். காதில் போட்டுக்கொள்வதில்லை.

சும்மா ஒன்றும் அந்த விதிகள் பிறந்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பொல்லாத பிள்ளை இருந்தது. மாதம் தவறாமல் வீட்டு பிரிண்டர் பழுதான ஒருவனால்தான் ‘தாமதமாக வரும் கட்டுரைக்குப் பூஜ்யம், காரணம் கேட்கப்பட மாட்டாது’ என்ற விதி வந்தது. வகுப்பு நடக்கும்போதே மேசைக்கடியில் போனை வைத்து ஆன்லைனில் செருப்பு வாங்கிய ஒருத்தியால்தான் வாசலில் போன் பெட்டி வந்தது. இப்படியே சேர்ந்து சேர்ந்து நாலு பக்கம்.

இரண்டு விதிகளை மட்டும் நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். முதலாவது, உன் பெயருக்குக் கீழே இருப்பது முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை உன்னுடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பூஜ்யம், பெற்றோர் வர வேண்டும், ஆனர்ஸ் வகுப்பில் இடம் கிடையாது. இரண்டாவது வெள்ளிக்கிழமைப் பக்கம். வாரா வாரம் ஒரு பக்கம், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். மதிப்பெண் இல்லை, பிழை திருத்தமும் இல்லை. அதை நான் ஒருத்திதான் படிப்பேன், பெற்றோருக்கோ தலைமையாசிரியருக்கோ காட்ட மாட்டேன், திங்கட்கிழமை பதில் எழுதித் தருவேன்.

இந்த வருடமும் அதைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தாள். உண்மையில் அவள் ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கத்தையாவது படித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கெட்ட எண்ணமெல்லாம் எதுவும் கிடையாது. அலுப்பு, அவ்வளவுதான். தலைக்கு மேல் வேலை. ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு, அதற்கு மேல் யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பு, பரீட்சைத் தாள், கூட்டம், கூட்டத்தைப் பற்றி இன்னொரு கூட்டம். வீட்டுக்கு வந்தால் சமையலறை அப்படியே போட்டது போட்டபடி காத்திருக்கும். கணவன் மருந்துக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிறவன். உட்கார்ந்த இடத்தில் கண் சொருகிக்கொண்டு போகும். அப்படி ஒரு சனிக்கிழமை அவள் சோபாவிலேயே தூங்கிப்போனபோது, நாத்தனார்தான் அந்த வார வெள்ளிக்கிழமைப் பக்கங்களின் கட்டை எடுத்துப் படித்துப் பார்த்தாள்.

நாத்தனார் இருபது வருடம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவளாக இருந்தவள். பத்திரிகையை மூடிவிட்டார்கள். பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து முன்னறையில் தங்கிவிட்டாள். வேலை இல்லாமல் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் கண் விழித்துப் பார்த்தபோது பாதிப் பக்கங்களுக்குப் பதில் எழுதப்பட்டிருந்தது, அதுவும் டீச்சருடைய கையெழுத்தின் அதே சாய்வில். இந்த ஒரு வாரம் மட்டும் என்று டீச்சர் சொன்னாள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள். அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டை முன்னறை மேசையில் வைப்பாள், திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போவாள். வீட்டுக்குள்தானே இருக்கிறது, வெளியாளா படிக்கிறார்கள் என்று ஒரு சப்பைக்கட்டும் கைவசம் இருந்தது.

நாத்தனாரும் அந்தப் பக்கங்களில் இருந்ததை ஒருநாளும் வெளியே விட்டதில்லை. யார் என்ன எழுதுகிறார்கள் என்று டீச்சர் ஒரு தரம் கேட்டபோது, “அதைச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே அண்ணி சட்டம் போட்டிருக்கீங்க” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

வகுப்பு ஒரு மாதிரி களைகட்டியிருந்தது. திங்கட்கிழமை தாள்களைக் கொடுத்ததும் பிள்ளைகள் அவரவர் பதிலைக் கையால் மறைத்துக்கொண்டு படிப்பதை டீச்சர் பார்த்திருக்கிறாள். சில சமயம் ஒருத்தி தனக்குள் சிரிப்பாள். அதைப் பார்க்கும்போது டீச்சருக்கு உள்ளே ஏதோ சுருக்கென்று குத்தும். மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டியிருக்கும்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மற்ற பிள்ளைகள் ‘மௌனசாமி’ என்று கூப்பிடுவார்கள். ஜன்னலோரத்துக் கடைசி இருக்கை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருப்பாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், அதோடு சரி. இவள் எப்படி ஆனர்ஸுக்கு வந்தாள் என்று டீச்சர் பலமுறை யோசித்ததுண்டு.

அரையாண்டுக் கட்டுரைகளை டீச்சர்தான் திருத்தினாள். மதிப்பெண் போடுகிற காரியத்தை அவள் யாரிடமும் விட்டதில்லை. அந்த மட்டுக்கு நேர்மை இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துக்கொண்டே வந்தவள் மௌனசாமியின் கட்டுரையில் நின்றுவிட்டாள். ஏழாவது மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பம். லிப்ட் பழுதாகிக் கிடக்கிறது. விபத்தில் கால் போன அப்பா அது பழுதான நாளிலிருந்து கீழே இறங்கவே இல்லை. தெருவில் யார் புதிதாகக் கடை போட்டிருக்கிறார்கள், எந்த மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று மகள்தான் தினமும் மேலே போய்ச் சொல்ல வேண்டும். சில நாள் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அப்போது அவள் ஒரு கடையை இட்டுக்கட்டிச் சொல்வாள். அப்பா அந்த இல்லாத கடைக்காரனைப் பற்றி மறுநாள் விசாரிப்பார்.

டீச்சர் கட்டுரையைக் கீழே வைத்தாள். இது பதினாறு வயசுப் பெண் எழுதுகிற எழுத்தா? அதுவும் இவளா? கம்ப்யூட்டரில் சில வரிகளைப் போட்டுத் தேடினாள், அகப்படவில்லை. அப்படியானால் ட்யூஷன்காரர் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் வகுப்பு முடிந்ததும் நிறுத்தி வைத்துக் கட்டுரையைப் பற்றி மூன்று கேள்வி கேட்டாள். அந்தப் பெண் வழக்கம்போல நின்றாள். முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது. டீச்சர் அதைக் குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டாள். பூஜ்யம் போட்டு, அம்மாவை வரச் சொன்னாள்.

அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். சீருடையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டீச்சர் விதியை எடுத்துச் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து இவள் சாதாரணப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும் என்றாள். இதைப் போல எத்தனை பேரிடம் சொல்லியாகிவிட்டது. குரல் தானாகவே ஓடியது. தன் பெண் என்ன எழுதுகிறாள் என்று தனக்குத் தெரியாது, ட்யூஷனெல்லாம் எங்கேயும் அனுப்பவில்லை, எங்கே அனுப்புவது என்று அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள்.

“மிஸ், நான்தான் எழுதினேன். நீங்கதானே எழுதச் சொன்னீங்க?”

டீச்சர் புரியாமல் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமைப் பக்கத்துல லிப்ட்டைப் பத்தி எழுதினேன். இதை இதோட விட்டுடாதே, அரையாண்டுக் கட்டுரையா எழுதுன்னு பதில் போட்டீங்க. படிக்கட்டுல ஆரம்பிக்காதே, அப்பா கேக்கற கேள்வில ஆரம்பின்னு சொன்னீங்க. அந்தக் கடையை நான் பொய்யாச் சொன்னதை எழுதலாமான்னு கேட்டேன். எழுது, அது பொய் இல்லைன்னீங்க.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “நான் எப்படி எழுதுவேன்னு உங்களுக்குத் தெரியுமே மிஸ். வாரா வாரம் படிக்கிறீங்களே.”

டீச்சர் மேசையில் கிடந்த கட்டுரையைப் பார்த்தாள். இத்தனை நாள் இந்தப் பெண் பேசாமல் இருந்தாள் என்றா நினைத்தாள்? வாரா வாரம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“நீங்க படிக்கலையா மிஸ்?” என்றாள் அந்தப் பெண்.

அம்மா பதறிப்போய் மகளின் கையைப் பிடித்தாள். எத்தனை பிள்ளைகள், எத்தனை தாள், எல்லாமா நினைவிருக்கும் என்று டீச்சருக்காக அவளே வாதாடினாள். டீச்சர் அந்தக் கொம்பைப் பற்றிக்கொண்டாள். ஆமாம், நிறையத் தாள்கள், குழம்பிவிட்டது, இப்போது ஞாபகம் வருகிறது என்றாள். பூஜ்யத்தை அடித்துவிட்டு வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண்ணைப் போட்டாள். அம்மா இரண்டு கையையும் சேர்த்து நன்றி சொன்னாள். அந்தப் பெண் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கட்டை நாத்தனார் சனிக்கிழமை மத்தியானம் சமையலறைக்கே எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு தாளை மட்டும் தனியாகப் பிடித்திருந்தாள். யாருடையது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

“அண்ணி, இந்தப் பொண்ணை என்ன பண்ணீங்க? இன்னிக்கு வெயில் அடிச்சுது, பஸ் சீக்கிரம் வந்துதுன்னு ஒரு பக்கம் ரொப்பி வச்சிருக்கா. இவ இப்படி எழுதறவளே இல்ல.”

டீச்சர் பாத்திரத்தை அப்படியே தொட்டியில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியது.

“போய்ச் சொல்லிடுங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். “உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னு அவ நினைக்கல. தான் எழுதினது ஞாபகம் வச்சுக்கற அளவுக்கு இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருப்பா.”

விஷயம் வெளியே போனால் வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தாள். கடைசியில் தைரியம் வந்தது என்று சொல்வதற்கில்லை. இன்னொரு பொய்யைக் கட்டிக் காப்பாற்ற அவளிடம் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மற்றவர்கள் போன பிறகு அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்தாள். உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். நான் படிக்கவில்லை, போன வருடத்திலிருந்தே படிப்பதில்லை, பதில் எழுதியது என் நாத்தனார், செய்தது தப்பு, உன்மேல் பழி போட்டது அதைவிடப் பெரிய தப்பு என்றாள். இதைத் தலைமையாசிரியரிடம் நீ சொல்லலாம், நான் தடுக்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

அந்தப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க எல்லாத்தையும் படிச்சாங்களா?”

“எல்லாத்தையும். ஒண்ணுகூட என்கிட்ட சொன்னதில்ல.”

“எங்கப்பா விஷயம்கூடவா?”

“அதுகூடத்தான்.”

அந்தப் பெண்ணின் முகம் இளகியது. தலைமையாசிரியரைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“இனிமே யார் மிஸ் படிப்பாங்க?”

“நான்தான்,” என்றாள் டீச்சர். “சத்தியமா நானேதான் படிப்பேன். ஒவ்வொரு வாரமும்.”

அந்தப் பெண் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் துளியும் இல்லை.

“சரி மிஸ்,” என்றாள். “ஒரு பக்கம்தானே, வெயில், பஸ்னு எதையாவது ரொப்பிடறேன்.”