முன்வாசல் படிக்கட்டு

கால்மாட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், தலைமாட்டைச் சரித்துப் பார்த்தார்கள், ஸ்ரெச்சர் திரும்பவே இல்லை. பின்படி அந்த இடத்தில் ஒடுங்கி வளைகிறது. ஒரு சோற்றுச் சட்டியோடு இறங்குவதென்றாலும் குணவதி பக்கவாட்டில்தான் இறங்குவாள். அதற்குள்ளால் ஓர் ஆறடி மனிதனைக் கிடத்தி இறக்கு என்றால் யாரால் முடியும்?

அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நெஞ்சு நோவோடு விழுந்த அவளுடைய புருஷன் சச்சிதானந்தனைத் திரும்பவும் மேல்மாடி விறாந்தைக்கே கொண்டுவந்தார்கள். மடக்குக் கதிரையில் இருத்திப் பார்த்தார்கள். தலை முன்னால் தொங்கியது, உதடு நீலமாகியது. பதறிப்போய் மறுபடியும் கிடத்தினார்கள். அந்தப் பெண் நிமிர்ந்து நிரூபாவிடம் ஏதோ கேட்டாள். குணவதிக்கு இங்கிலிஷ் ஓடாது. பதினாறு வயது மகள் சொல்லித்தான் எதுவும் விளங்கும்.

"அம்மா, வேற படி இருக்கோ எண்டு கேக்கினம்."

குணவதி புருஷனின் சட்டைக் கொலரைத் தளர்த்தினாள்.

"முன்படி இருக்கெல்லோ அம்மா. சொல்லட்டே?"

"ஐயோ, வாயை மூடு. இல்லையெண்டு சொல்லு."

முன்படி எங்கேயோ தூரத்தில் இல்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு. பூப்போட்ட தாள் ஒட்டிய பலகைச் சுவருக்குப் பின்னால் இருந்தது.

பார்க்டேலில் அந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் ஒருதரம் திரும்பிப் பார்க்காமல் போவதில்லை. விக்டோரியா மகாராணி காலத்தில் எவனோ காசுக்காரன், கிரேக்கக் கோயிலைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டியது. முன்னால் நாலு பெரிய தூண்கள், தூணின் தலையில் கடாக்கொம்பு போலச் சுருள், அதற்குமேல் முக்கோண முகப்பு. யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் படம் வரைந்துகொண்டிருந்து, இங்கே அகதியாய் வந்து ஹோட்டலில் கோப்பை கழுவிய சச்சிதானந்தனுக்கு இந்த வீட்டில் ஒரு பைத்தியம். தூணைத் தட்டிக் காட்டுவார். "கல்லெண்டு நினைச்சியோ? மரம். உள்ளுக்கை ஒண்டுமில்லை, கோறை." இடப்பக்க யன்னலைக் காட்டுவார். "உது பொய் யன்னல். வலப்பக்கம் ஒண்டிருந்தால் இடப்பக்கமும் ஒண்டு வேணுமாம், அவ்வளவுதான்." பின்படியைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். "இது வேலைக்காரர் ஏறினது. வீட்டுக்காரன் ஒருநாளும் இதிலை கால் வைச்சிருக்கமாட்டான்."

இப்போது ஆறு குடும்பமும் ஏறி இறங்குவது அதில்தான். முன் ஹோலை ஓர் அறையாக்கி அன்புராசா என்ற பொடியனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார் யேசுரட்ணம். வீட்டுக்காரர் அவர், இருப்பது தூரத்தில், யூனியன்வில்லில். மேலே முன்படியின் வாயை அடைத்துச் சுவர் எழுப்பச் சொன்னதும் அவர்தான். எழுப்பியது சச்சிதானந்தன். மூன்று நாள் முறுமுறுத்துக்கொண்டே வேலை செய்தார். முடிந்ததும் யேசுரட்ணம் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"படியை அடைச்சது சிற்றிக்காரருக்குத் தெரிஞ்சால் அண்டைக்கே வீட்டைப் பூட்டிப்போடுவாங்கள். பேந்து நீங்கள் ஸ்னோவுக்கைதான் படுக்கவேணும். உங்கடை அகதிக் கேசுகளும் பழுதாகும். ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

குணவதி குடும்பத்தின் அகதி விசாரணை அடுத்த மாதம். அம்புலன்ஸ்காரரின் நீலச் சட்டையும் தோள்பட்டியும் குணவதிக்கு ஊரில் பார்த்த வேறு சட்டைகளை ஞாபகப்படுத்தின. யூனிபோர்ம் போட்டவனுக்கு உண்மை சொன்னால் வினை என்பது பத்து வருடமாய் அவள் படித்த பாடம்.

கிடந்தபடியே சச்சிதானந்தன் வலக்கையைத் தூக்கினார். சுவர்ப்பக்கம்தான் தூக்கினார், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்கப் போனாள். குணவதி சட்டென்று குனிந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, அவர் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு, பாவம், புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்றுதான் தெரியும்.

"நோ," என்றாள் நிரூபா. "நோ அதர் ஸ்ரெயர்ஸ்."

கம்பளியில் சுற்றி, பட்டியால் கட்டி, ஏறக்குறைய நிமிர்த்தி, ஒவ்வொரு படியாய் இறக்கினார்கள். குசினிக் கதவடிக்கு வந்தபோது மூச்சு நின்றிருந்தது. அந்தப் பெண் நிலத்தில் முழங்கால் போட்டு அவர் நெஞ்சை அமத்திக்கொண்டே இருந்தாள். அடுப்பில் வைத்த பருப்பு பொங்கி வழிந்தது. அதை நிற்பாட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நிறைய நேரம் பேசினார். நிரூபா அதில் ஒரே ஒரு வரியைத்தான் தமிழில் சொன்னாள். "பிந்திப்போச்சாம் அம்மா."

பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். வேலையால் ஓடிவந்த அன்புராசா கையில் இரும்பு அலவாங்கோடு விறாந்தையில் நின்றான்.

"அக்கா, யேசுரட்ணம் அண்ணைக்கு ரெலிபோன் அடிச்சுச் சொன்னனான். செத்தவீட்டுக்குச் சனம் வருமெல்லோ, வயசுபோனதுகள் பின்படியாலை ஏறாதுகள், ரெண்டு நாளைக்குச் சுவரைத் திறந்துவிடு எண்டிட்டார். முன்ஹோலையும் ஒதுக்கிப்போட்டன்."

திறந்துவிடட்டாம். காலையில் உயிரே போகும் என்று பொத்தி வைத்திருந்ததை, வெறும் ஒரு ரெலிபோனில் திறக்கச் சொல்லிவிட்டார் மனிதர்!

அன்புராசா தாளைக் கிழித்து, இடுக்கில் அலவாங்கைக் கொடுத்தான். நெம்பக்கூட இல்லை. பலகை அப்படியே மேலே எழும்பி அவன் கைக்கு வந்துவிட்டது.

"இதென்ன அக்கா? ஒரு ஆணியும் அடிக்கேல்லை. கொழுக்கியிலை கொழுவியெல்லோ விட்டிருக்கிறார்!"

பலகையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. படம் வரைகிறவரின் நேரான எழுத்து. *நெருப்புப் பிடித்தால் தூக்கிக் கழற்றவும்.* பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

குணவதி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி அவளுக்குச் சிற்றிக்காரர் பயமில்லை, பொலிஸ் பயமில்லை, விசாரணைப் பயமும் இல்லை. பக்கத்தில் நிற்கிற மகள் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டுவிடுவாளோ என்ற பயம் மட்டும்தான். திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவும் துணிவு வரவில்லை.

நிரூபா அம்மாவைத் தாண்டிப் போய் முன்படியின் தலைப்பில் நின்றாள். கீழே முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. தூண்களுக்கு நடுவே ரோட்டுத் தெரிந்தது. இரண்டு கைகளையும் தோள்மட்டத்தில் அகல விரித்துக்கொண்டு அவள் இறங்கினாள். இந்தப் பக்கச் சுவரிலும் கை படவில்லை, அந்தப் பக்கக் கைப்பிடியிலும் படவில்லை. அடிப்படிவரை போனவள் திரும்பி ஏறிவந்து, கையை இறக்காமலே மறுபடியும் இறங்கினாள்.