மூன்றடிக்கு ஓர் ஆட்சேபணை

எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எழுதித் தரச் சொல்லி யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. அந்தப் பலவீனம் தெரிந்துதான் மருந்துக்கடைக்காரர் வீடு தேடி வந்தார்.

"உங்க பக்கத்து மனையில வீடு கட்டப்போறாங்களாம். பக்கத்துச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவுல அஞ்சடி இடம் விடணும்ல? மூணடிதான் விட முடியும், விதியைத் தளர்த்துங்கன்னு நகராட்சியில கேட்டிருக்காங்க. விட்டா உங்க சுவர் மேலயே கட்டிடுவாங்க. நீங்க காரசாரமா ஒரு ஆட்சேபணை எழுதுங்க, தெருவே கையெழுத்துப் போடும்."

ஆறு வருடமாக அந்தக் காலி மனையில்தான் என் ஸ்கூட்டர் நிற்கிறது, என் துணிக்கொடி தொங்குகிறது. அதையா எழுத முடியும்? 'எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வரும் காற்றும் வெளிச்சமும் அடியோடு நின்றுபோகும்' என்று ஆரம்பித்தேன். 'விதியை மதிக்காதவர்கள் அக்கம்பக்கத்தாரையும் மதிக்க மாட்டார்கள்' என்று முடித்தேன். அந்தக் கடைசி வரியை மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். நான் பூரித்துப்போனேன். பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மனைக்காரப் பெண் என் வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரி நர்ஸ். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் என் மனுவின் நகல். கையெழுத்துகள் இருந்த பக்கத்தை மட்டும் நகராட்சி கொடுக்கவில்லை.

"அக்கா, இதுக்கு ஒரு பதில் எழுதித் தரணும். புதன்கிழமை விசாரணை வச்சிருக்காங்க."

ஒன்றும் தெரியாதவள் போல, "ஏம்மா, அஞ்சடி விட்டாத்தான் என்ன?" என்றேன்.

"மனையே குறுகல்க்கா. அஞ்சடி விட்டா கீழ் ரூம்ல வீல்சேர் திரும்பாது. என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. இப்ப நாங்க குடியிருக்கறது ரெண்டாவது மாடி. அவனை இறக்க ரெண்டு ஆள் வேணும். அவன் தெருவுல இறங்கிப் பத்து மாசமாச்சு."

எழுத உட்கார்ந்தேன். என் வாதம் ஒவ்வொன்றையும் நானே தேடித் தேடி உடைத்தேன். வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் எழுதியதில்லை. நடுவில் அவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். உடனே திரும்பவில்லை. அங்கே அவள் என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பேனா ஓடவில்லை. திரும்பி வந்தவள் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதை எழுதவில்லை.

பதிலை வாங்கிப் படித்துவிட்டு, "இதை நான் என் கையால வேற பேப்பர்ல எழுதிக்கறேன்க்கா. இல்லன்னா உங்க கையெழுத்துன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள்.

"எவங்களுக்கு?"

"நகராட்சிக்காரங்களுக்குத்தான். என் மனைச் சுவர்ல 'இங்கே குப்பை கொட்டாதீர்'னு எழுதி ஒட்டியிருக்கீங்களே, அதே கைதானே இந்த ஆட்சேபணையும்? பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு." குரலில் சண்டை இல்லை, அசதிதான் இருந்தது. "இதுல எது நிக்கும், எது நிக்காதுன்னு எழுதினவங்களுக்குத்தான தெரியும்? அதான் உங்ககிட்டயே வந்தேன்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்ததோ, "டீ போடட்டுமா?" வேண்டாமென்று தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை நகராட்சி அலுவலகத்தில் எங்கள் தெருவே கூடியிருந்தது. நர்ஸ் தன் கோணல்மாணலான எழுத்தில் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அதிகாரி நிதானமாகப் படித்து முடித்ததும் மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"சார், இது அந்தப் பொண்ணு எழுதினதே இல்ல. யாரோ விவரமான ஆள் பின்னாடி இருந்து தூண்டிவிடறாங்க. யாருன்னு கேளுங்க சார்."

அதிகாரி அவளைப் பார்த்தார்.

"நானேதான் சார் எழுதினேன்" என்றாள். பொய் சொல்லிப் பழகாத குரல். அந்தப் பொய்யும் எனக்காக.

பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் அவள் காகிதத்தைப் பிடித்திருந்த விரல்களில் இன்னும் மசி அப்பியிருந்தது. எழுந்தேன்.

"நான்தான் சார் எழுதினேன்."

"எதைம்மா? ஆட்சேபணையா, பதிலா?"

"ரெண்டையும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் மெல்ல உட்கார்ந்தார். "இதுல எதுதாம்மா உண்மை?" என்றார் அதிகாரி.

"பதில்தான் சார். நான் எழுதின அந்த ஜன்னலை மறைச்சு எங்க ஃப்ரிட்ஜ் நிக்குது. ஆறு வருஷமா திறக்கவே இல்ல. இவங்க அதை ஞாயித்துக்கிழமையே பார்த்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லல."

அறையே சிரித்தது. என்னோடு கையெழுத்துப் போட்ட பதினான்கு பேரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆட்சேபணையின் குறுக்கே ஒரு கோடு போட்டு, மூன்றடிக்குக் கையெழுத்துப் போட்டார்.

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. என் அவமானத்தைப் பார்க்காமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத்தான் தாங்க முடியவில்லை.